வியாசர்பாடி, சென்னை-39

"பால்ல என்னக்கா பாகுபாடு? நீலமா, பச்சையா, ஆரஞ்சா?" என்று கேட்டான் டீ கொண்டு வந்த பையன். அவன்மேல் தப்பே இல்லை. ஸ்கிரீனில் கொட்டை எழுத்தில் 'பால் பாகுபாடு' என்று தலைப்பு அடித்து வைத்திருந்தேன். அவனுக்குத் தெரிந்த பால் ஆவின் பால்தான்.

தம்புச்செட்டித் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறது நான் வேலை செய்யும் ஜாப் டைப்பிங் கடை. ஐகோர்ட் கூப்பிடு தூரம் என்பதால் வருவதெல்லாம் வக்கீல் வேலை. அஃபிடவிட், பெட்டிஷன், வக்காலத்து, டைப்டு செட். 2007லிருந்து இதுதான் பிழைப்பு. நான் சட்டம் படிக்கவில்லை, ஆனால் சட்டம் படித்த நிறையப் பேரைவிட அதிகமாகச் சட்டத்தை அடித்திருக்கிறேன். அடிக்கும்போது அர்த்தம் மண்டையில் ஏறாது. அது எங்களுக்குக் கிடைத்த வரம் என்றே சொல்வேன், ஏனென்றால் வருகிற விவாகரத்து மனுவையெல்லாம் அர்த்தம் புரிந்து அடித்துக்கொண்டிருந்தால் ராத்திரி வீட்டில் சோறு இறங்காது.

இந்த முறை ஏறிவிட்டது.

கொண்டு வந்தது ஒரு ஆராய்ச்சி மாணவி. சட்டத்தில் பிஎச்.டி. பண்ணுகிறாள், ஏதோ தமிழ்க் கருத்தரங்குக்குக் கட்டுரை, நாற்பது பக்கத்துக்குக் கிட்ட கையால் எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில் என்றால் அவளே அடித்திருப்பாளாம், தமிழ் அடிப்பது கை வரவில்லையாம். நான் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் முடித்தவள், அந்தச் சர்டிபிகேட்டுக்கு இன்றைக்கும் எங்கள் தெருவில் ஒரு மரியாதை இருக்கிறது. பையன் கேட்ட கேள்வியை அவளிடம் சொல்லி, "பாலினம்னு மாத்திடட்டுமாம்மா? படிக்கிறவங்க குழம்ப மாட்டாங்க" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவில் ரூத் பேடர் கின்ஸ்பர்க் என்று ஒருவர், பின்னாளில் சுப்ரீம் கோர்ட் நீதிபதி, 1970களில் கொலம்பியா சட்டக் கல்லூரியில் பேராசிரியராக இருந்துகொண்டு பெண்கள் உரிமை வழக்குகளை வரிசையாக நடத்தியவர். அவருக்கு டைப் அடித்துக் கொடுத்த செயலாளர் ஒருநாள் சொன்னாராம்: பக்கத்துக்குப் பக்கம் செக்ஸ், செக்ஸ் என்று வருகிறது, சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகளாக உட்கார்ந்திருக்கும் ஒன்பது ஆண்களுக்கு அந்தச் சொல்லைப் பார்த்ததும் புத்தி வேறு எங்காவது போய்விடும், ஜெண்டர் என்று போடுங்கள். கின்ஸ்பர்க் போட்டார். அந்தக் கதையை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஆக, இந்தத் துறையில் ஒரு சொல்லை மாற்றிவிட்டது ஒரு டைப்பிஸ்ட். இதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

ஆனால் இவள் மாற்றவில்லை. "நம்ம அரசமைப்புச் சட்டத்துல இருக்கிறது செக்ஸ்தான்க்கா, ஜெண்டர் இல்ல. பாலே இருக்கட்டும்" என்றாள். சரி, ஆவின் பால் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

கட்டுரையின் முதல் பாதி பாலி மரே என்கிற ஒருவரைப் பற்றியது. 1910ல் பிறந்த கறுப்பினத்தவர். வக்கீல், கவிஞர், கடைசியில் பாதிரியாரும் ஆனவர். இந்தப் பெயரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. 1940ல் வர்ஜீனியாவில் பஸ்ஸில் பின்னால் போய் உட்காரச் சொன்னதற்குத் தகராறு பண்ணிக் கைதானவர். அப்போதே காந்தியின் சத்தியாகிரகத்தைப் படித்துவிட்டு, அதை அங்கே செய்து பார்க்க நினைத்தவர். கறுப்பர்களுக்காக நடத்தப்பட்ட ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கப் போனார், இன ஒதுக்கலை எதிர்த்து வழக்காடத்தான். வகுப்பில் ஒரே பெண். முதல் நாளே பேராசிரியர், பெண்கள் எதற்குச் சட்டம் படிக்க வருகிறார்கள் என்று தெரியவில்லை என்கிறார், பையன்கள் சிரிக்கிறார்கள். சிரித்தவர்கள் யார்? வெளியே போனால் அதே பஸ்ஸில் அதே பின்சீட்டுக்கு விரட்டப்படுகிறவர்கள். இந்த இடத்தை அடிக்கும்போதுதான் எனக்கு விரல் லேசாகத் தடுமாறியது.

அங்கே கறுப்பர்களை ஒதுக்கி வைத்த சட்டங்களுக்கு மொத்தமாக ஜிம் க்ரோ என்று பெயர். ஜிம் ஆண் பெயர். மரே அதன் பக்கத்தில் ஜேன் க்ரோ என்று ஒரு பெயரை வைத்தார், ஹோவர்டில் தனக்கு நடந்ததற்குப் பெயர் வேண்டும் என்று. 1944ல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். அப்படித் தேறுகிறவர்கள் மேல்படிப்புக்கு ஹார்வர்டுக்குப் போவது வழக்கம். ஹார்வர்டிலிருந்து பதில் வந்தது, எங்கள் சட்டக் கல்லூரியில் சேர உரிமையுள்ள பாலைச் சேர்ந்தவர் நீங்கள் இல்லை என்று. கறுப்பர் என்று தள்ளவில்லை, பெண் என்று தள்ளினார்கள். பஸ்ஸில் ஒரு காரணம், காலேஜில் வேறு காரணம். எந்தக் கதவைத் தட்டினாலும் அதற்குத் தோதாக ஒரு காரணம் இருந்தது.

1964ல் அமெரிக்காவில் சிவில் உரிமைச் சட்டம் வருகிறது. வேலையில் இனம், நிறம், மதம் பார்க்கக் கூடாது என்பது முதல் வரைவு. அந்தப் பட்டியலில் 'பால்' என்ற சொல்லைச் செருகியவர் ஹோவர்ட் ஸ்மித் என்ற வர்ஜீனியா உறுப்பினர், அவர் அந்தச் சட்டத்தையே எதிர்த்தவர். சபையில் ஒரே சிரிப்பு. எங்கே போனாலும் இந்தச் சிரிப்பு வந்துவிடுகிறது பாருங்கள். மேல் சபையில் அந்தச் சொல்லை எடுத்துவிடுவார்கள் என்ற பேச்சு இருந்தபோது மரே ஒரு குறிப்பு எழுதுகிறார். சாரம் இதுதான்: ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு வேலை மறுத்தால், இனத்துக்காக மறுத்தார்களா பாலுக்காக மறுத்தார்களா என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் இனத்தை மட்டும் தடை செய்துவிட்டுப் பாலை விட்டால், அவளுக்கு அந்தச் சட்டத்தால் பாதிப் பயன்கூட இல்லை. சொல் நின்றது. அடுத்த வருடம் மேரி ஈஸ்ட்வுட்டோடு சேர்ந்து 'ஜேன் க்ரோவும் சட்டமும்' என்ற ஆய்வுக் கட்டுரை. 1971ல் கின்ஸ்பர்க் ரீட் வழக்கில், செத்தவர் சொத்தை நிர்வகிக்க ஆணுக்குத்தான் முன்னுரிமை என்ற ஐடஹோ மாநிலச் சட்டத்தை உடைத்த வழக்கில், தாக்கல் செய்த மனுவின் அட்டையில் மரேயின் பெயரையும் போட்டார். அதில் மரே ஒரு வரி எழுதவில்லை. ஆனால் யோசனை யாருடையது என்று அட்டையில் இருக்கட்டும் என்று போட்டார். எங்கள் தெருவில் இதெல்லாம் நடக்காது, சீனியர் பெயருக்குக் கீழே ஜூனியர் பெயர் வந்தாலே பெரிய விஷயம்.

பிரித்துச் சொல்ல முடியாது என்ற அந்த வரியை அடித்துவிட்டு ஃபைலை சேவ் கூடப் பண்ணாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

2007ல், இந்தக் கடைக்கு வருவதற்கு முன், அண்ணா சாலைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலைக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஆள் வேண்டும் என்று வந்து சொன்னது எங்கள் எதிர்வீட்டு அண்ணன், அவர் அங்கே டிரைவர். எங்கள் பக்கத்துப் பையன்கள் இன்னும் இரண்டு பேர் குடோனில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விளம்பரமே 'பெண்கள் மட்டும்' என்றுதான் இருந்தது. உள்ளே போனால் ஏசி ரூமில் மூன்று பெண்கள், நல்லபடியாகவே பேசினார்கள், ஒருவர் தண்ணீர் கொடுத்தார். டைப்பிங் டெஸ்ட்டில் ஒரு தப்பு இல்லை. அப்புறம் மேனேஜர் கூப்பிட்டார்.

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"வியாசர்பாடி சார்."

"ஓ" என்றார். பேனாவை மூடினார். அந்த மூடி 'டக்'கென்று விழுந்த சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "மாசக் கடைசில எட்டு மணி ஆயிடும்மா. அந்த ஏரியாவுக்கு லேடீஸ் தனியா எப்படிப் போவீங்க?"

"பொறந்ததுலேர்ந்து அங்கதான் சார் இருக்கேன்" என்றேன். நிஜமாகவே அவர் கவலைப்படுகிறார் என்று நினைத்துத்தான் சொன்னேன். 21 வயது.

சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவில்லை. லோயர் மட்டும் முடித்த ஒரு பெண்ணை எடுத்துவிட்டார்கள் என்று டிரைவர் அண்ணன்தான் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, "உன்னை யாரு வியாசர்பாடின்னு சொல்லச் சொன்னது? பெரம்பூர்னு சொல்லிருக்கலாம்ல?" என்று என்னையே திட்டினார். எங்கள் ஏரியாவில் இது ஒரு பாலபாடம். வேலைக்கு, பெண் பார்க்க, வங்கிக் கடனுக்கு என்றால் பெரம்பூர். இரண்டுக்கும் நடுவே நடந்தால் எத்தனை நிமிஷம்? ஆனால் அந்தத் தூரத்துக்குள் மாமியார் முகமும் மேனேஜர் முகமும் மாறிவிடும். சாதியை நேராகக் கேட்பது நாகரிகம் இல்லை என்று தெரிந்தவர்கள் ஏரியாவைக் கேட்பார்கள். எங்களுக்கும் அது தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும், இரண்டு பேரும் ஏரியாவைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம்.

இத்தனை வருடம் நான் இதை 'ஏரியாவால் போன வேலை' என்றுதான் மனதுக்குள் வைத்திருந்தேன். ஆனால் ஏரியா என்றால் டிரைவர் அண்ணனுக்கு எப்படி வேலை கிடைத்தது? பெண் என்பதால் என்றால் அந்த மூன்று பேர் எப்படி உட்கார்ந்திருந்தார்கள்? எட்டு மணிக்கு எப்படிப் போவாய் என்று டிரைவர் அண்ணனை யாரும் கேட்கவில்லை, மற்ற மூன்று பெண்களை 'அந்த ஏரியாவுக்கா' என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு கேள்வியும் ஒன்றாகச் சேர்ந்து எனக்கு மட்டும்தான் வந்தது.

மறுநாள் அடிக்க வேண்டிய பக்கத்தில் அப்படியே என் கதை இருந்தது, ஊர் பேர் மட்டும் வேறு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிமேல் ஐந்து கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கு, தீர்ப்பு 1976. 1964க்கு முன்னால் அந்தக் கம்பெனி கறுப்பினப் பெண்களை எடுத்ததே இல்லை. பிறகு எடுத்தது. ஆட்குறைப்பு வந்ததும் கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே என்ற கணக்கில், 1970க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேரும் போனார்கள். கோர்ட் என்ன சொன்னது? கம்பெனி பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, எனவே பால் பாகுபாடு இல்லை. எடுத்தவர்கள் வெள்ளைப் பெண்கள், ஆபீஸ் வேலைக்கு. இனப் பாகுபாடு என்றால் அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் கலந்து 'கறுப்பினப் பெண்' என்று புதிதாக ஒரு வகை உண்டாக்க முடியாது.

கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியர் 1989ல் எழுதிய ஆய்வில் இந்த வழக்கை எடுத்துவைத்து நாற்சந்தி உவமையைச் சொல்கிறார். இன்டர்செக்‌ஷனாலிட்டி என்று இன்றைக்கு எல்லோரும் பேசுகிற கருத்து அங்கே தொடங்கியதுதான். மாணவி அதை அழகாகவே எழுதியிருந்தாள், ஆனால் எனக்கு எருக்கஞ்சேரி ஹை ரோடு போய் முடிகிற மூலக்கடைதான் கண்ணில் வந்தது. அங்கே ரோடு கடப்பவர்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் லாரி, அந்தப் பக்கம் பஸ், நடுவில் ஷேர் ஆட்டோ. நடுவில் ஒருத்தி அடிபட்டுக் கிடக்கிறாள். எந்தப் பக்க வண்டி இடித்தது, ஒன்றைச் சொல், அதற்கு ஆதாரம் கொடு, அப்புறம் ஆம்புலன்ஸ் கூப்பிடுவோம் என்கிறது கோர்ட். இரண்டு பக்கமும் இடித்தது என்றால், அப்படி ஒரு விபத்து எங்கள் புத்தகத்தில் இல்லையே என்கிறது.

சரி, அது அமெரிக்கா. இங்கே?

இங்கே பிரச்சினை ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது என்று மாணவி வாதாடுகிறாள். அந்தச் சொல்லைத் தாள் முழுக்க சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள். மட்டும். நம் அரசமைப்புச் சட்டத்தின் 15வது பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இவற்றை அல்லது இவற்றில் எதையேனும் 'மட்டும்' காரணமாகக் கொண்டு அரசு யாருக்கும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. சில இடத்தில் மட்டும், சில இடத்தில் மட்டுமே என்று எழுதியிருந்தாள். எது வேண்டும் என்று போன் பண்ணிக் கேட்டேன். "ஒரு ஏகாரம் என்னக்கா பண்ணிடப் போகுது" என்றாள், பத்து நிமிஷம் கழித்து அவளே கூப்பிட்டு, "வேணாம்க்கா, 'மட்டும்'னே இருக்கட்டும், 'மட்டுமே' இன்னும் இறுக்கிடும்" என்றாள்.

இந்த 'மட்டும்' செய்த வேலையைக் கேளுங்கள். 1951ல் கல்கத்தா ஐகோர்ட்டில் ஒரு வழக்கு. பண வழக்குப் போடுகிறவர் பெண்ணாக இருந்து, அவர் பெயரில் போதிய நிலம் வீடு இல்லை என்றால் செலவுக்கு முன்கூட்டியே ஜாமீன் கட்டச் சொல்லலாம் என்று ஒரு விதி. ஆணுக்கு அப்படி இல்லை. இது பாகுபாடு இல்லை என்றது கோர்ட். ஏன்? பால் மட்டும் காரணம் இல்லையாம், பாலும் சொத்தில்லாததும் சேர்ந்த காரணமாம். படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளுக்குச் சொத்து ஏன் இல்லை? பெண் என்பதால்தானே அப்பன் எழுதி வைக்கவில்லை! தமிழ்நாட்டிலேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போல் பங்கு என்று 1989ல்தான் சட்டம் வந்தது, அதுவும் அன்றைக்குக் கல்யாணம் ஆகாதவர்களுக்குத்தான். எங்கள் அம்மா தலைமுறை அதிலும் விட்டுப்போனது, எழுதி வைக்க எங்கள் தாத்தாவிடம் எதுவும் இல்லை என்பது வேறு விஷயம்.

1981ல் ஏர் இந்தியா வழக்கு. பணிப்பெண்கள் சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் பண்ணினால் வேலை போகும், முதல் கர்ப்பத்திலேயே போகும், இல்லாவிட்டால் 35 வயதில் ஓய்வு, மேனேஜிங் டைரக்டர் மனசு வைத்தால் நீட்டிப்பு. அதே விமானத்தில் ஓடுகிற ஆண்களுக்கு இந்த நிபந்தனை எதுவும் கிடையாது. கர்ப்ப விதியையும் டைரக்டரின் இஷ்டத்தையும் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது, அது நல்லதுதான். ஆனால் கல்யாண விதியை நிற்க வைத்தது. ஆண்களும் பெண்களும் வேறு வேறு பதவி, வேறு வேறு பணி நிபந்தனை, எனவே பால் மட்டும் காரணம் இல்லை என்று அங்கேயும் அந்தச் சொல் வந்து நின்றது. ஒரு காரணத்தோடு இன்னொரு காரணத்தைச் சேர்த்துக் கட்டிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஆகிறது. பாகுபாடு காட்டுகிறவனுக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? ஒரு காரணம் இருந்தால் குற்றம், இரண்டு இருந்தால் நிர்வாகம்.

மாணவியின் பதில் எளிமையானது. 'இவற்றில் எதையேனும்' என்று இருக்கிறதே தவிர, ஒன்றைத்தான் எடுக்க வேண்டும், இரண்டைச் சேர்க்கக் கூடாது என்று எங்கே இருக்கிறது? எனக்கு அது நியாயமாகப் படுகிறது. 2018ல் ஓரினச் சேர்க்கை வழக்கின் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட்டும் அந்த ஏர் இந்தியா வாதத்தை ஏற்காமல் எழுதினார். 2021ல் பட்டான் ஜமால் வலி வழக்கு. பார்வையில்லாத ஒரு தலித் பெண்ணுக்கு நடந்த பாலியல் வன்முறை. அந்தத் தீர்ப்பில் கிரென்ஷாவின் பெயரையே சொல்லி, சாதியும் பாலும் உடல் குறையும் ஒருத்தியின் வாழ்க்கையில் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று சுப்ரீம் கோர்ட் விரிவாகப் பேசுகிறது.

கட்டுரை அந்த நம்பிக்கையோடு முடிகிறது. எனக்கு அங்கேதான் நெருடல். அதே தீர்ப்பில், கற்பழிப்புக் குற்றத்துக்கான ஆயுள் தண்டனையை வைத்துக்கொண்டு, வன்கொடுமைச் சட்டத்தின் கீழ் கொடுத்த தண்டனையை நீக்கிவிட்டார்கள். அவள் தலித் 'என்ற காரணத்துக்காக' நடந்தது என்று நிரூபிக்கவில்லை என்பதுதான் காரணம். சம்பவம் நடந்தபோது இருந்த சட்டம் அப்படி, 2016 ஜனவரியிலிருந்து, சாதி தெரிந்திருந்தாலே போதும் என்று திருத்திவிட்டார்கள், பழைய சம்பவத்துக்கு அது பொருந்தாது என்பதெல்லாம் புரிகிறது. இருந்தாலும் பின்னிக் கிடக்கிறது என்று பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு இழையை உருவி வெளியே போடுகிறார்களே என்று இருந்தது. அவளிடம் சொன்னேன். "அது எனக்கும் தெரியும்க்கா, அடிக்குறிப்புல போட்டிருக்கேன்" என்றாள். "அடிக்குறிப்பை யாரும்மா படிப்பா? நானே எட்டு பாயிண்ட்ல அடிச்சிருக்கேன்" என்றேன். யோசித்துவிட்டு மேலே ஏற்றச் சொன்னாள். இரண்டாவது முறையாக ஒரு டைப்பிஸ்ட்!

என் கேஸை அவளிடம் சொல்லிக் கேட்டேன், சும்மா ஒரு ஆசைக்கு. 15வது பிரிவு அரசுக்குத்தான், தனியார் கம்பெனியை நேராகக் கட்டாது என்றாள். தவிர அதில் இருப்பது பிறந்த இடம், குடியிருக்கும் இடம் இல்லை. நான் பிறந்தது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி, வடசென்னையில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள்தான். வேலைக்கு எடுப்பதில் பெண் என்று பார்க்கக் கூடாது என 1976ம் வருடத்துச் சம ஊதியச் சட்டத்தில் இருந்தது, ஆனால் அவர்கள் எடுத்ததே இன்னொரு பெண்ணைத்தான். ஒவ்வொரு கதவாக அவள் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் அவளுக்கே சங்கடமாகிவிட்டது. "விடுங்கக்கா, அந்த வேலைக்குப் போயிருந்தா என் கட்டுரையை யார் அடிச்சிருப்பா" என்றாள். அப்படியும் ஒரு சமாதானம்.

போன வாரம் சனிக்கிழமை, கடை சாத்தும் நேரம், எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். பி.காம். முடித்திருக்கிறாள், டேலி தெரியும், திங்கட்கிழமை இன்டர்வியூ, பயோடேட்டா அடிக்க வேண்டும். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் சொன்னாள். முகவரி என்று வந்ததும் நான் கேட்காமலே வியாசர்பாடி என்று அடித்துவிட்டேன், எனக்குத்தான் அவள் வீடு தெரியுமே. ஸ்கிரீனை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, பெரம்பூர்னு போட்டுர்றீங்களா?"

இவ்வளவு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததையெல்லாம் அவளிடம் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. திங்கட்கிழமை இன்டர்வியூவுக்குப் போகப் போவது அவள்தான், நான் இல்லை. மாற்றினேன். இரண்டு காப்பி எடுத்து, ஸ்டேப்ளர் போட்டு, கவரில் வைத்துக் கொடுத்தேன்.

அவள் படியிறங்கிப் போன பிறகு சிஸ்டத்தை மூடும்போதுதான் பார்த்தேன், ஊரை மாற்றியிருக்கிறேன், எண்ணை மாற்றவில்லை. பெரம்பூர், சென்னை-39 என்று இருந்தது. பெரம்பூர் 11. எட்டிப் பார்த்தேன், பீச் ஸ்டேஷன் பக்கம் போய்விட்டாள் போல, கண்ணுக்குத் தெரியவில்லை.